மனநல மருத்துவத்தில் யோகம்: நிம்ஹான்ஸ் ஆய்வுகளின் வரலாறு

பெங்களூரு ஓசூர் சாலையில் அமைந்துள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்), யோகத்தை மனநல மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்திய இந்திய நிறுவனங்களுள் முதன்மையானது. நாகரசம்பட்டி உள்ளிட்ட கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களுக்கு எல்லை தாண்டி அருகில் உள்ள பெரிய மனநல மருத்துவமனையும் இதுவே.

பின்னணி

மனத்தை அடக்கும் பயிற்சியாகவே யோகத்தைப் பதஞ்சலியின் யோக சூத்திரம் விளக்குகிறது. தமிழில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைக் கூறுகிறது. சுவாமி குவலயானந்தா 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். மும்பை மனநல மருத்துவர் வாகியா, 1960கள் முதல் பதஞ்சலியின் கருத்துகளைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1976இல் தேசிகாச்சார் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கினார். அங்கு அவரவர் உடல்நிலைக்கு ஏற்பப் பயிற்சி வகுக்கப்பட்டது.

நிம்ஹான்ஸ் ஆய்வுகள்

மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் உருவானது. 2000இல் வெளியான இதன் ஆய்வில், கடும் மனச்சோர்வு கொண்ட 45 உள்நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். நான்கு வார முடிவில் மின்னதிர்வுச் சிகிச்சையில் 93 விழுக்காட்டினரும், இமிப்ரமின் மருந்தில் 73 விழுக்காட்டினரும், சுதர்சன கிரியா என்னும் மூச்சுப் பயிற்சியில் 67 விழுக்காட்டினரும் நோய்க்குறி நீங்கப் பெற்றனர். மூச்சுப் பயிற்சி மருந்தை ஒட்டிய பலன் தந்தது. ஆனால் மின்னதிர்வுச் சிகிச்சையை எட்டவில்லை. குழுவுக்கு 15 பேரே இருந்ததால் இம்முடிவை எல்லோருக்கும் பொதுவாக்க இயலாது.

2007இல் வெளியான மற்றோர் ஆய்வு மனச்சிதைவு நோயாளிகள் 61 பேரைப் பற்றியது. இவர்கள் மருந்தைத் தொடர்ந்துகொண்டே, ஒரு பகுதியினர் யோகமும் மற்றவர்கள் உடற்பயிற்சியும் செய்தனர். நான்கு மாதங்களில் யோகக் குழுவினரின் நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்தன. வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது.

செயல்படும் விதம்

மெதுவான மூச்சு, உடலை இளைப்பாற வைக்கும் நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. மனச்சோர்வு நோயாளிகளிடம் யோகப் பயிற்சிக்குப் பின் கார்டிசோல் என்னும் மன அழுத்தச் சுரப்பு குறைந்ததை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2013இல் பதிவுசெய்தனர்.

வரம்புகள்

மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் யோகம் துணைச் சிகிச்சையே. யோகத்தை நம்பி மருத்துவர் அறிவுரையின்றி மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். 2007 ஆய்வில் யோகத்தால் பயனடைந்தவர்களும் மருந்தைக் கைவிடாதவர்களே என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.