வானமே கூரையாக ஓர் அரங்கு

எகிப்து என்றால் நமக்குக் கல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் லக்ஸார் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், இரண்டாம் ராம்ஸேஸ் எழுப்பிய கோயிலை ஒட்டித் தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. சூளை காணாத பச்சை மண் செங்கல்லை வளைத்துக் கட்டியவை. மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் சில வளைவுகள் விழவில்லை. மழை அநேகமாக எட்டிப் பார்க்காத சீமையில் மண்ணுக்கும் தீர்க்காயுசு!

அந்த மண்ணை மறுபடி மதித்தவர் ஹஸன் பாத்தி (1900–1989) என்ற கட்டடக் கலைஞர். மரமும் இரும்பும் ஏழைக்குக் கட்டுப்படியாகாது. கீழே பலகை முட்டுக் கொடுக்காமலே கூரை வளைக்கும் வித்தை அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் வரிசைக் கற்களைப் பின்சுவரில் சாய்த்து ஒட்டுவார்கள். அடுத்த வரிசை அதன்மேல் சாயும். ஒன்றின் தோளில் ஒன்றாகக் கூரை முடிந்துவிடும். பாத்தி அவர்களையே அழைத்து வந்தார்.

1945-இல் தொல்பொருள் இலாகா அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. குர்னா கிராமத்து ஜனங்கள் சுமார் 7,000 பேர், புராதனப் பிரபுக்களின் கல்லறைகள் மேலேயே குடியிருந்தார்கள். கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பது பலருக்குப் பரம்பரைத் தொழில். அவர்களைக் கிளப்பிச் சமவெளியில் குடியேற்ற வேண்டும்.

வீடுகளோடு மசூதி, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்தன. வானமே கூரையாக ஒரு நாடக அரங்கும் எழுந்தது. கனத்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். முற்றம் இரவின் குளிர்ச்சியைக் காலையில் வெகுநேரம் காப்பாற்றும். பள்ளிக்கூடத்தில் வடக்குக் காற்றைப் பிடித்து, நனைந்த கரிமேல் செலுத்தி, குளிரவைத்துக் கீழே இறக்கும் காற்றுக்கூண்டு. இதெல்லாம் வெறும் பழமைப் பித்து என்று சிரித்தவர்களும் உண்டு. 1964-இல் கெய்ரோவில் சோதித்துப் பார்த்தார்கள். மண் அறைக்குள் உஷ்ணம் 23 டிகிரியைத் தாண்டவில்லை. பக்கத்திலேயே கட்டிய கான்கிரீட் அறைக்குள் 36 டிகிரி!

ஆனால் குர்னாக்காரர்கள் வர மறுத்தார்கள். குவிமாடம் சமாதிக்கு உரியது, அதன்கீழ் உயிரோடு எப்படிப் படுப்பது என்றார்கள். கரையை உடைத்து, கட்டிக்கொண்டிருந்த ஊருக்குள் வெள்ளத்தை விட்டார்கள் என்று பாத்தியே எழுதியிருக்கிறார். திருட்டுக் கூட்டம் என்று சொல்லிவிடுவது சுலபம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு மனம் வரவில்லை. குன்றைவிட்டு இறங்கினால் சாப்பாட்டுக்கு என்ன வழி? கைத்தொழில் கற்றுத் தருகிறேன் என்றார் பாத்தி. கூடை முடைந்து எத்தனை பேர் பிழைப்பது? காற்றின் போக்கை அளந்த மனிதருக்கு இந்தக் கணக்கு எட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1940-களின் இறுதியில் வேலை நின்றது. ஊரில் ஒரு பகுதிதான் முடிந்திருந்தது. பிறகு குடிவந்தவர்களின் மண் சுவர்களை நிலத்தடி ஈரமும் உப்பும் அரித்தன. இடிந்த இடத்தில் கான்கிரீட் ஏறியது. எஞ்சியதைக் காப்பாற்ற 2009-இல் யுனெஸ்கோ முன்வந்தது. குன்றின்மேல் இருந்த பழைய குர்னாவையோ, அந்த ஆண்டுகளிலேயே சர்க்கார் இடித்துத் தள்ளி, ஜனங்களை வடக்கே வேறொரு புதுக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டது.