ஒரு தரம், இரண்டு தரம்... ஒரு கப்பல் டிக்கெட்டின் கதை

1952-ஆம் வருஷம். அயர்லாந்தின் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரத்தில் வால்ட் வில்லிஸ் என்று ஓர் அரசு ஊழியர். வயது முப்பத்து சொச்சம். அறிவியல் புனைகதை என்றால் உயிர். வீட்டு மாடி அறையில் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, நண்பர்களோடு சேர்ந்து 'ஸ்லாண்ட்' என்ற இதழை நடத்தினார். நம்மூர் சிற்றிதழ் மாதிரிதான். விற்று லாபம் பார்க்க அல்ல, படிப்பவர்களோடு பேசிக்கொண்டிருக்க. அந்த மனிதர் அந்த வருஷம் கப்பலேறி அமெரிக்கா போனார். சிகாகோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் கலந்துகொண்டார். பிறகு கிரேஹவுண்ட் பஸ்ஸில் நாட்டின் மறுகோடிவரை போய்வந்தார்.

காசு யாருடையது? அவருடையது இல்லை. குமாஸ்தா சம்பளத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா! போதாததற்கு, போருக்குப் பின் பிரிட்டனில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வேறு. கையில் பவுண்ட் இருந்தாலும் இஷ்டத்துக்கு டாலர் வாங்க முடியாது. அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத அமெரிக்க வாசகர்கள் ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்த பணம் அது.

இந்த "சேர்த்த பணம்" எப்படிச் சேர்ந்தது, அதற்குள் ஏலம் எப்படி வந்தது, அதில் யார் லாபப்பட்டார், யார் ஏமாந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதல் உலக மாநாடு 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்தது. நடத்தியவர்கள் எல்லாம் நம் வயசுப் பையன்கள். தலைவர் சாம் மாஸ்கோவிட்ஸுக்கு அப்போதுதான் 19 முடிந்திருந்தது. (வாசலிலேயே சண்டை போட்டு, எதிர்க்கோஷ்டியைச் சேர்ந்த ஆறு பேரை உள்ளே விடவில்லை என்பது தனிக்கதை. அந்த ஆறு பேரில் பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஃபிரெடரிக் போலும் ஒருவர். சிம்போசியம் நடத்திய எல்லோருக்கும் இந்த மாதிரி சண்டைகள் பழக்கமானவைதானே!)

அரங்க வாடகை, அச்சுக்கூலி, விருந்தாளிகளுக்கு உபசாரம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். உறுப்பினர் கட்டணத்தை ஏற்றினால் பள்ளி மாணவர்கள் வரமாட்டார்கள். அதனால் அந்தக் காலத்து மாநாடுகளில் கட்டணம் ஒரு டாலர் என்பது போலவே இருந்தது. மீதியைத் தூக்கி நிறுத்தியது ஏலம்.

ஏலத்தில் என்ன விற்றார்கள்? இங்கேதான் சுவாரசியம். அப்போதைய அறிவியல் கதை இதழ்கள் மலிவுத் தாளில் அச்சானவை. அட்டைக்கு வண்ண ஓவியம், உள்ளே கதைக்குக் கறுப்பு வெள்ளைப் படம். ஓவியர் வரைந்து கொடுத்ததும் இதழ்க்காரர் மொத்தமாக விலைக்கு வாங்கிவிடுவார். அச்சுத்தகடு எடுத்தபின் மூலப்படம் அலுவலகத்தில் ஏதாவதொரு மூலையில் தூசி தின்னும். "மாநாட்டுக்கு ஏதாவது கொடுங்களேன்" என்று பையன்கள் போய்க் கேட்டால், இந்தப் படங்களைக் கட்டாகத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இதழ்க்காரருக்கு இடம் காலி, விளம்பரமும் ஆச்சு. மாநாட்டுக்கோ முதலீடே இல்லாத சரக்கு. உள்பக்கப் படங்கள் ஓரிரு டாலருக்கும் போனதுண்டு.

மாஸ்கோவிட்ஸ் பிற்பாடு பல மாநாடுகளில் ஏலக்காரராகப் பேர் வாங்கினார். காரணம் அவர் குரல். மைக் வேண்டாம், கடைசி வரிசைவரை கேட்கும். கடல்தாண்டி பிரிட்டனில் அந்த இடத்தைப் பிடித்தவர் ஈ. சி. டப். முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களாக நீண்ட 'டுமாரெஸ்ட்' வரிசையை எழுதியவர், மேடையில் ஏலம் விட நின்றால் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியே நடத்திவிடுவாராம். நல்ல ஏலக்காரருக்குப் பொருளைவிடக் கூட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு எந்த இதழ் ஒரு எண் குறைகிறது, யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் நண்பர்கள் முன்னால் பின்வாங்க வெட்கப்படுவார் என்பதெல்லாம் தெரிந்த ஆள் மேடையில் நின்றால் ஒரு டாலர் புத்தகம் பத்து டாலருக்குப் போகும். தெரியாதவர் நின்றால் அதே புத்தகம் ஒரு டாலருக்கே இழுத்துக்கொண்டு நிற்கும். கடைசியில் யாராவது பரிதாபப்பட்டு வாங்க வேண்டும்.

சரி, கப்பல் டிக்கெட்டுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸில் ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்று ஒரு தீவிர ரசிகர் இருந்தார். 1939 மாநாட்டுக்கு வர பஸ் கட்டணம் இல்லாமல் தவித்த ஒரு பதினெட்டு வயசுப் பையனுக்குக் கடன் கொடுத்தவர் இவர்தான். அந்தப் பையன் ரே பிராட்பரி. போரெல்லாம் ஓய்ந்தபின் அதே அக்கர்மேன், லண்டன் பத்திரிகையாசிரியர் டெட் கார்னெலை அமெரிக்காவுக்கு வரவழைக்க ஒரு நிதி தொடங்கினார். அட்லாண்டிக் கடலைக் கேலியாக "பெரிய குளம்" என்பார்கள். ஆகவே பெரிய குளம் நிதி! பணம் சேர்வதற்குள் சில மாநாடுகள் கடந்துபோயின. ஆனாலும் 1949-இல் சின்சினாட்டி மாநாட்டுக்குக் கார்னெல் வந்து சேர்ந்தார்.

அடுத்தது வில்லிஸ். ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஷெல்பி விக் என்பவர், சைக்ளோஸ்டைல் செய்த ரசிகர் இதழ்கள் வழியாகவே பிரசாரம் செய்து பணம் திரட்டினார். வில்லிஸ் வந்தார், பார்த்தார், ஊர் திரும்பி 'தி ஹார்ப் ஸ்டேட்சைட்' என்று பயண நூலும் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 1962-இல், இன்னொரு நிதி திரட்டி அவரை மனைவி மாடலினோடு மறுபடி அழைத்தார்கள் என்றால் முதல் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இது ஒவ்வொரு தடவையும் தனிமனிதர் ஒருவர் தலையில் விழுகிற சுமையாக இருக்கக்கூடாது என்று, 1953-இல் லண்டன் மாநாட்டில் நிரந்தரமாக ஒரு நிதி தொடங்கினார்கள். பெயர் அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி, சுருக்கமாக 'டாஃப்'. எனக்கு இதன் விதிகள் ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆள் வட அமெரிக்கா போவார், அடுத்த தடவை அங்கிருந்து ஓர் ஆள் இங்கே வருவார். யார் போவது என்று இரண்டு கரைக்காரர்களும் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். ஓட்டுப் போடக் குறைந்தபட்ச நன்கொடை கட்ட வேண்டும். எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். யாரும் பிடிக்கவில்லையா, "இந்த வருஷம் யாரையும் அனுப்பாதே, பணத்தை வைத்திரு" என்றும் ஓட்டுப் போடலாம். ஜெயித்துப் போய் வந்தவர் பயணக் கட்டுரை எழுத வேண்டும். அதோடு, அடுத்த தேர்தல்களை நடத்தும் நிர்வாகியும் அவரே. அதாவது நேற்று நிதி வாங்கியவர்தான் இன்று நிதி திரட்டுபவர். நம் கல்லூரிச் சங்கங்களில் பொறுப்பு முடிந்ததும் காணாமல் போகிறவர்களுக்கு இந்த விதியைப் படித்துக் காட்டலாம்.

ஆனால் ஓட்டுக்கட்டணம் மட்டும் ஒரு விமானச் செலவைத் தாங்காது. அதனால் ஒவ்வொரு மாநாட்டிலும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிதி ஏலம். பொருளெல்லாம் நன்கொடை. பழைய ரசிகர் இதழ்கள், கையெழுத்திட்ட புத்தகம், பனியன், வெளியூர் மிட்டாய், உடைந்த சாமான், கைக்கு வந்ததெல்லாம். ஒருவர் மேடையில் கூவுவார். இன்னொருவர் பொருளைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடிக் காட்டுவார். மூன்றாமவர் யார் எதை எவ்வளவுக்கு எடுத்தார் என்று குறித்துக்கொள்வார். இந்த மூன்றாம் ஆள் சொதப்பினால் கடைசியில் கணக்கு ஒப்பாது, பொருள் ஒருத்தர் கையிலும் பாக்கி இன்னொருத்தர் பேரிலும் நிற்கும்.

இதில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவரே அந்தப் பொருளை "மறுபடி ஏலம் விடு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரே சாமான் வருஷக்கணக்கில் மாநாடு மாநாடாகச் சுற்றும். ஊர்த் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அங்கே யாரும் பழத்துக்கு விலை கொடுப்பதில்லை.

1954-இல் முதல் தேர்தலில் வென்ற வின்ஸ் கிளார்க்கால் போக முடியவில்லை. 1955-இல் கென் பல்மர் கிளீவ்லாந்து போனார், டாஃப் அனுப்பிய முதல் ஆள் அவர்தான். மறுவருஷம் வென்றவர் லீ ஹாஃப்மன் என்ற பெண். அதற்குள் அவருக்குத் திருமணமாகிவிட்டது. தேனிலவே இங்கிலாந்துப் பயணம் என்றாகிவிட, நிதிப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! அடுத்து 1957-இல் பாப் மேடில் லண்டனில் நடந்த உலக மாநாட்டுக்குப் போனார். 1939-இல் நியூயார்க் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அவர். 2022-இல் 102 வயதில் காலமானார்.

1972-இல் ஆஸ்திரேலியாவையும் வட அமெரிக்காவையும் இணைக்க இன்னொரு நிதி, 1979-இல் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மற்றொன்று என்று இந்த வழக்கம் பரவியது.

இதுவரை சொன்னது இனிப்பான பக்கம். எனக்கு உறுத்தியது வேறு. அந்த ஓவியங்கள்.

பிராட்பரி 1939-இல் பஸ்ஸில் நியூயார்க் வந்தபோது தனக்காக மட்டும் வரவில்லை. ஹேன்ஸ் போக் என்ற நண்பரின் ஓவியங்களைச் சுமந்துகொண்டு வந்து பத்திரிகை ஆசிரியர்களிடம் காட்டினார். பலனாக அந்த வருஷமே 'வியர்ட் டேல்ஸ்' அட்டையில் போக்கின் ஓவியம் வந்தது. பெரிய திறமைசாலி. 1953-இல் முதன்முதலாக ஹூகோ விருது கொடுத்தபோது அட்டை ஓவியருக்கான விருதைப் பகிர்ந்துகொண்டவர். 1964-இல் வறுமையில் செத்துப்போனார். இன்னொருவர் விர்ஜில் ஃபின்லே. ஒரு முகத்தின் நிழலைக்கூடக் கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்தே கொண்டுவருவார். ஒரு படத்துக்கு நாட்கணக்கில் உட்காருவார்.

இப்படிப்பட்டவர்களின் மூலப்படங்கள்தான் ஏலக் கட்டில் இருந்தவை. விற்ற பணம் மாநாட்டுக்குப் போனது. கொடுத்த புண்ணியம் பத்திரிகை முதலாளிக்குப் போனது. படம் ரசிகர் வீட்டுச் சுவருக்குப் போனது. வரைந்தவருக்கு? ஒன்றுமில்லை. அவரிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. சட்டப்படி தப்பில்லைதான், விலைக்கு வாங்கியவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அந்த அரங்கில் இருந்த அத்தனை பேரும் அந்த ஓவியர்களைக் கொண்டாடியவர்கள். முதல் மாநாட்டின் சிறப்பு விருந்தினரே ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியர்தான்! மேடையில் மாலை மரியாதை, ஏலத்தில் அவர்கள் உழைப்பு இனாம். கேட்டவர்கள் பையன்கள், காசில்லாதவர்கள், கெட்ட எண்ணம் கிடையாது. அதனாலேயே இது அத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் ஓடியது என்று எனக்குத் தோன்றுகிறது.

1960-இல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் பீஜோ டிரிம்பிள் என்ற பெண் முதல் ஓவியக் கண்காட்சியை ஏற்பாடு செய்தார். ('ஸ்டார் டிரெக்' தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுத வைத்தாரே, அவரேதான்.) அதிலிருந்து வளர்ந்த முறைதான் இன்றும் நடக்கிறது. ஓவியர் தானே படத்தைக் கொண்டுவந்து மாட்டுவார். குறைந்தபட்ச விலையையும் அவரே வைப்பார். படத்துக்குக் கீழே ஒரு தாள். வேண்டும் என்பவர் பெயரையும் தொகையையும் எழுத வேண்டும், அடுத்தவர் அதற்கு மேல் எழுத வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் எழுதிவிட்டால் அந்தப் படம் மேடை ஏலத்துக்குப் போகும். விற்ற பணம் ஓவியருக்கு, அதில் ஒரு சிறு பங்கு மாநாட்டுக்கு. கூவுவது அதே மாதிரிதான். பணம் போகிற பக்கம் மட்டும் மாறிவிட்டது.

பழைய ஏலங்களில் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? அக்கர்மேன் 2008-இல் இறந்தார். வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்ததில் எஞ்சியவை 2009-இல் ஏலத்துக்கு வந்தன. மாஸ்கோவிட்ஸுக்குக் கடைசிக் காலத்தில் தொண்டைப் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மைக் வேண்டாத அந்த மனிதர், கழுத்தில் ஒரு மின்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மாநாடுகளில் விடாமல் பேசினார். 1997-இல் காலமானார். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த இதழ்களும் புத்தகங்களும் 1999-இல் விற்பனைக்கு வந்தன. இடம் நியூயார்க், சோத்பீஸ் ஏல நிறுவனம்.