வில்லுக்கத்தியின் பிடியும் நம் காட்டு மரமும்



நம் மூத்தவாப்பாமாரின் இடுப்பு வாரில் சில்லறைக் காசோடு ஒரு வில்லுக்கத்தியும் இருக்கும். பாக்குச் சீவ, கயிறு அறுக்க, மாங்காய் வெட்ட அதுவே போதும். அலகு மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். பிடி வெடித்தால் கத்தியே போய்விட்டது என்பார்கள். ஆகவே பிடிக்கு என்ன மரம் என்பது சின்ன விஷயமல்ல. இன்று அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிரான்ஸில் சவோய் என்றொரு மலைநாடு. அங்கே ஆயுதங்கள் அடிக்கும் கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் ஒரு மடக்குக்கத்தி செய்தார். அன்றைய உயர்ந்த மடக்குக்கத்திகளில் உலோகத் தகடு, வில், இரு பக்கமும் ஆணியடித்த பிடித்துண்டுகள் என்று பல உறுப்புகள் இருந்தன. அவரோ ஒரே மரத்துண்டைக் கடைந்து, அலகு மடங்கி உட்கார அதில் ஒரு பிளவு அறுத்தார். அலகு, பிடி, ஆணி, உலோக வளையம். நான்கே உறுப்புகள். 1897இல் 1 முதல் 12 வரை இலக்கமிட்ட அளவுகள் வந்தன. அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல் சேர்ந்தது.

இந்தக் கத்தியின் உடம்பே மரம்தான். பிளவின் இரு பக்கமும் மெல்லியதாக நிற்பதால், நார் பிடியின் நீளத்துக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிளந்துவிடும். மரம் நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். ஈரம் பட்டால் மரம் ஊதி, பிளவு இறுகி, அலகு வெளியே வராது. அப்போது பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி அலகை எடுப்பது சவோய்க்காரர்களின் பழக்கம். இதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது பீச் மரம். பார்வைக்குச் சாதாரணம். ஆனால் நார் நெருக்கமானது, சீரானது, கடைய இலகு, பக்கத்துக் காடுகளில் தாராளம். அதனால்தான் ஏழைக் குடியானவனும் அந்தக் கத்தியை வாங்க முடிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக் கருங்காலி உலகச் சந்தையில் முதல்தரம். தண்ணீரில் தாழும் பாரம். உளியை மழுங்கடிக்கும் உறுதி. அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும், பொறுமையாகக் காயவைத்து மெருகிட்டால் கண்ணாடி போல் மின்னும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திகளுக்கும் கருங்காலிப் பிடி போட்டார்கள். அதன் இனத்தில் இன்னொன்று, சிங்களத்தில் களுமெதிரிய எனப்படும் கலமண்டர் மரம். கபில நிறத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும் அந்த மரம் நம் தீவுக்கே உரியது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆசை ஆசையாய் வெட்டி அலுமாரியும் மேசையும் செய்தார்கள். 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தன் நூலிலேயே அது அரிதாகிவிட்டதைப் பதிந்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அழகில்லாத பீச் மரப் பிடி 130 வருடம் கடந்தும் இன்றும் செய்யப்படுகிறது. உலகமே மெச்சிய நம் மரத்தை நம் பிள்ளைகள் காட்டில் காண்பதே அபூர்வம். மரத்தில் குறையில்லை. வெட்டியவர்கள் நாளைக்கு என்று எதையும் விடவில்லை.

பிள்ளைகளுக்குக் கத்திப் பிடி செய்யக் காட்டிக் கொடுக்க அருமையான மரம் தேவையில்லை. முற்றத்தில் பட்டுப்போன புளி, கொய்யாக் கொப்பு போதும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, நார் ஓடும் திசையைப் பார்த்து அறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய மரப்பிடிக் கத்தி இருந்தால், அது என்ன மரம் என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு இங்கே எழுதுங்கள். கேட்க அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.