வீடு எங்கே இருக்கு?

லினக்ஸில் எழுதிய என் பேக்கப் ஸ்கிரிப்டை நண்பரின் மேக்கில் ஓட்டினேன். "முடிந்தது" என்றது. அதை நம்பி அவர் டிஸ்கை அழித்துவிட்டார். உண்மையில் ஒரு ஃபைல்கூட பேக்கப் ஆகலை. பயனர் வீடுகள் 'ஹோம்' ஃபோல்டருக்குள் இருக்கும்னு நானே எழுதி வைத்திருந்தேன். மேக்கில் அது 'யூசர்ஸ்'. அந்தக் குற்ற உணர்வில்தான் இந்த வரலாற்றைத் தேடினேன்.

பெல் லேப்ஸின் ஆரம்பகால யுனிக்ஸில் வீடுகள் 'யூஎஸ்ஆர்' டைரக்டரிக்குள் இருந்தன. எது யார் வீடு என்பதை பாஸ்வேர்டு ஃபைல் சொன்னது. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் 'ஹோம்' என்ற சூழல் மாறி வந்தது. பில் ஜாயின் சி ஷெல், வீட்டைக் குறிக்க டில்டே என்ற நெளிகோட்டை எடுத்துக்கொண்டது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் டில்டேவும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன!

1981-ல் வந்த எம்எஸ்-டாஸில் பயனர் கணக்கே கிடையாது. அப்புறம் வீடு ஏது? பிறகு விண்டோஸ் என்டி 4-ல் 'ப்ரொஃபைல்ஸ்', விண்டோஸ் 2000-ல் 'டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', விஸ்டாவில் 'யூசர்ஸ்' என்று முகவரி மாறிக்கிட்டே போச்சு.

இப்போ என் ஸ்கிரிப்டில் எந்த முகவரியும் இல்லை. லினக்ஸிலும் மேக்கிலும் 'ஹோம்' மாறியை, விண்டோஸில் 'யூசர்ப்ரொஃபைல்' மாறியைக் கேட்கும். பதில் காலியா வந்தா, "முடிந்தது" என்று பொய் சொல்லாம நின்னுடும்.