சந்தையும் சந்தாவும்

மதீனத்துக் கடைத்தெருவில் ஒரு நாள் ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் உலர்ந்த திராட்சை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விலையைக் கேட்டறிந்து, விலையை உயர்த்த வேண்டும், இல்லையேல் நமது சந்தையை விட்டு அகல வேண்டும் என்று பணித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வில் உள்ள இச்செய்தியை முதன்முறை ஓதும் மாணவன் திகைத்துப்போவான். விலை ஏறியதற்காகச் சினந்த ஆட்சியாளர்களை வரலாறு நெடுகக் காணலாம். விலை குறைந்திருந்ததற்காகச் சினந்தவரைக் காண்பது அரிது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழியாக வரும் அறிவிப்பு சற்று விரிவானது. தாயிஃபிலிருந்து திராட்சை ஏற்றிய வணிகக் கூட்டம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அவர்கள் உம்முடைய விலையைக் கொண்டே தம் சரக்கை மதிப்பிட நேரும் என்பதே உமர் (ரலி) அவர்கள் கூறிய காரணம். பின்னர் அவர்களே தம்முள் ஆராய்ந்து, ஹாத்திபின் இல்லம் சென்று, தாம் சொன்னது கட்டளையன்று, ஊராருக்கு நன்மை நாடிச் சொன்ன சொல்லே, விரும்பிய விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். இவ்விரு அறிவிப்புகளையும் வைத்துக்கொண்டு சட்டக்கலை அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டுள்ளனர். ஆயினும் கேள்வியின் வேர் ஒன்றுதான். ஒருவன் மிகக் குறைந்த விலைக்கு விற்பதால் மற்ற வணிகர் சந்தைக்கு வாராதொழிந்தால், நாளை வாங்குவோனின் கதி யாது?

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய இத்திராட்சைக் கூடையை இன்று நினைவூட்டுவது கைப்பேசியில் வரும் ஒரு குறுஞ்செய்தி. ‘உங்கள் சந்தா புதுப்பிக்கப்படவுள்ளது’ என்று அது தொடங்கும். தென்காசியிலும் கடையநல்லூரிலும் வடகரையிலும் இச்செய்தியைக் கண்டு முகஞ்சுளிக்காத குடும்பத் தலைவர் சிலரே. கேபிளுக்கு ஒரு தொகை, கைப்பேசி ரீசார்ஜுக்கு ஒரு தொகை, பிள்ளைகள் கேட்கும் ஓடிடி ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. சென்ற ஆண்டு கொடுத்தது இவ்வாண்டு போதவில்லை என்பதே எங்கும் கேட்கும் முறையீடு. சினிமா பார்க்கலாமா, ஆகாதா என்ற வினாவுக்குள் நான் ஈண்டுப் புகவில்லை. அதற்கு வேறு மேடைகள் உண்டு. பணங்கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டவனின் உரிமை என்ன என்பதே நம் பேச்சு.

ஒலிக்கும் ஒளிக்கும் கட்டணம் செலுத்துவது நமக்குப் புதிதன்று. வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் ஆண்டுதோறும் அஞ்சலகம் சென்று உரிமக் கட்டணம் செலுத்திய காலத்தை முதியோர் மறந்திரார். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அவ்வாறே உரிமம் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் இவ்விரண்டும் நீக்கப்பட்டன. அக்காலத்தே அரபு நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் கொணர்ந்த ‘டெக்’ நம் ஊர்களில் புகுந்தது. டெக் இல்லாதோர் அதனையும் கேசட்டையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். எடுத்தவன் வாடகையை அறிவான்; காலத்தை அறிவான்; காணப்போவது எது என்பதையும் அறிவான். பொருளை விலைக்கு வாங்காமல் அதன் பயனை மட்டும் ஒரு காலத்திற்குப் பெறும் இத்தகைய ஒப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்னும். அதற்கு அவை விதிக்கும் தேவைகளை அந்தச் சிறு வாடகைக் கடைக்காரர் கிதாபு எதனையும் ஓதாமலேயே நிறைவேற்றிவிட்டார்.

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் கேபிள் தெருத்தெருவாகப் பரவிற்று. ஒரு தெருவுக்கு ஒரு கேபிள்காரர் என்பதே பெரும்பாலும் வழக்கம். அவர் சொன்னதே விலை. பிடிக்காவிடில் கம்பியை அறுத்துக்கொள்ளலாம். 2007ஆம் ஆண்டில் அன்றைய தி.மு.க. அரசு தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தை அமைத்து, தஞ்சாவூர், கோவை, வேலூர், திருநெல்வேலி ஆகிய நான்கு ஊர்களில் கட்டுப்பாட்டு அறைகளை நிறுவத் திட்டமிட்டது. தென்காசி அப்போது நெல்லை மாவட்டத்தில் அடங்கியிருந்தமையால் இவ்வேற்பாடு நம் வாசல்வரை வருவதாக இருந்தது. ஆளுங்குடும்பத்தில் நேர்ந்த பிணக்கே இந்நிறுவனத்தின் பிறப்புக்குக் காரணம் என்று பலரும் பேசினர். 2008 இறுதியில் பிணக்குத் தீர்ந்தது, நிறுவனமும் உறங்கிற்று. வாங்குவோனின் நலன் எங்கோ ஒரு வீட்டாரின் மனத்தாங்கலைச் சார்ந்து நின்றது என்பதை எண்ண நகைப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

2011 செப்டம்பர் 2ஆம் நாள் அடுத்த அரசு அதனை எழுப்பிற்று. 90 சேனல்கள், மாதம் 70 ரூபாய். அதில் 20 ரூபாயைக் கேபிள்காரர் அரசு நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டும். நூறு ரூபாய்க்குமேல் கொடுத்துப் பழகிய வீடுகளுக்கு இது பெருநிம்மதி. ஆனால் மக்கள் விரும்பிய கட்டணச் சேனல்கள் பல தொடக்கத்தில் அதில் இல்லை. பிறகு டிஜிட்டல் முறை வந்தது, செட்டாப் பாக்ஸ் வந்தது, அவற்றுடன் கட்டணமும் வளர்ந்தது. 2019 பிப்ரவரியில் நடுவணரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சேனல் ஒவ்வொன்றையும் தேர்ந்து வாங்கலாம் என்ற புதிய முறையைக் கொணர்ந்தது. நூறு சேனல் வரை இணைப்புக் கட்டணம் 130 ரூபாய். வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. தேர்வு பெருகியது உண்மை. செலவு குறையும் என்று நம்பியவர்களில் பலர் ஏமாந்ததும் உண்மை. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு கேபிளின் மாதக் கட்டணம் 220 ரூபாயிலிருந்து வரி நீங்கலாக 130 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

அரசே விற்பனையாளனாகி விலையை அடக்கும் முறைக்கு நம் வரலாற்றில் முன்னோடிகள் உண்டு. டில்லியில் அலாவுத்தீன் கல்ஜி நிலைநாட்டிய தானிய விலைகள், 1316இல் அவர் மறைந்தபின் நிலைகுலைந்ததை வரலாற்றாசிரியர் ளியாவுத்தீன் பரனீ பதிந்துள்ளார். ஆள்வோரின் கையை நம்பி நிற்கும் விலைக்கு ஆள்வோரின் ஆயுளே ஆயுள்.

வியப்பான ஒற்றுமை ஒன்று. நம் மாநிலத்தில் 70 ரூபாய்க் கேபிள் தொடங்குவதற்கு முந்திய நாளில், அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் பழைய சந்தாதாரர்களுக்குப் புதிய விலை நடப்புக்கு வந்தது. இணைய வழிப் படங்களையும் தபாலில் வரும் குறுந்தட்டுகளையும் ஒன்றாக 9.99 டாலருக்குப் பெற்றவர்கள், இரண்டையும் தனித்தனியே வாங்கி 15.98 டாலர் செலுத்த நேர்ந்தது. அந்தக் காலாண்டில் ஏறத்தாழ எட்டு லட்சம் அமெரிக்கச் சந்தாதாரர்களை அந்நிறுவனம் இழந்தது. அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அதே செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். செய்தியைச் சொன்ன முறைக்கே மன்னிப்பு, விலை இறங்கவில்லை. விலகியோரின் இடத்தைப் புதியோர் நிரப்பினர்.

இந்தியாவிற்குள் நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் 500 ரூபாய் மாதக் கட்டணத்துடன் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அமேசான் பிரைம் ஆண்டுக்கு 499 ரூபாய் என்ற அறிமுக விலையில் வந்தது. செப்டம்பர் 5ஆம் நாள் ஜியோ வந்தது. 2017 மார்ச் இறுதிவரை இணையம் விலையின்றிக் கிடைத்தது. இந்த இலவசம் இல்லையேல் நம் சிற்றூர்களில் ஓடிடி என்ற சொல்லே புழங்கியிராது. பிரைமின் ஆண்டுச் சந்தா பின்னர் 999 ஆயிற்று. 2021 டிசம்பர் 14இல் 1,499 ஆயிற்று. அதே நாளில் நெட்ஃபிளிக்ஸ் தன் விலைகளைக் குறைத்து, கைப்பேசித் திட்டத்தை 199இலிருந்து 149க்கு இறக்கிற்று. ஒரே நாளில் ஒருவர் ஏற்ற மற்றவர் இறக்கியதைக் காணும்போது, விற்போர் பலராயிருக்கும் சந்தையில் இருபக்கமும் அசைவு உண்டென்பது விளங்கும். 2023இல் பிரைமின் மாதக் கட்டணம் 179இலிருந்து 299 ஆயிற்று. 2024 ஜூலையில் கைப்பேசிக் கட்டணங்களும் உயர்ந்தன. ஜியோவில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் திட்டம் 239இலிருந்து 299க்குப் போயிற்று. படம் ஒருபக்கம் ஏற, படம் வரும் பாதையும் ஏறிற்று.

கிரிக்கெட்டின் கதையில் திராட்சைக் கூடை இன்னும் தெளிவாகத் தெரியும். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின. தொலைக்காட்சி உரிமை டிஸ்னி ஸ்டாரிடமும், இந்தியாவுக்கான இணைய உரிமை வயாகாம்18 நிறுவனத்திடமும் சென்றன. இணைய உரிமைக்கு 23,758 கோடி கொடுத்தவர் 2023இல் ஆட்டங்களை ஜியோசினிமாவில் எவரும் காசின்றிக் காணலாம் என்றார். குற்றாலத்துத் தேநீர்க் கடைகள்முதல் கடையநல்லூர்த் திண்ணைகள்வரை கைப்பேசியில் ஆட்டம் ஓடியது. 2024 நவம்பரில் போட்டியாளர் இருவரும் ஒரே நிறுவனமாயினர். 2025 பிப்ரவரி 14இல் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. அவ்வாண்டு ஆட்டங்களை முழுமையாகக் காணச் சந்தாவோ, சந்தாவைச் சேர்த்தளிக்கும் ரீசார்ஜோ தேவைப்பட்டது. தாயிஃபிலிருந்து வரவேண்டிய வணிகக் கூட்டம் வரவில்லை. வழியிலேயே ஹாத்திபுடன் பங்கு சேர்ந்துவிட்டது எனலாம். ஹாத்திப் (ரலி) அவர்கள் என்னைப் பொறுப்பார்களாக. அவர்கள் விற்றது நேர்மையான திராட்சை.

விலையேற்றம் யாவும் அநீதி என்று மார்க்கம் கூறவில்லை. மதீனாவில் விலைகள் ஏறியபோது மக்கள் விலை நிர்ணயிக்குமாறு வேண்டினர். நாயகம் (ஸல்) அவர்கள் அதனை மறுத்து, விலையை ஏற்றுவதும் இறக்குவதும் இறைவன் செயல் என்றும், எவருடைய பொருளிலும் அநீதி இழைத்த வழக்கு இன்றி இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்புவதாகவும் அறிவித்தார்கள். நம் பகுதி மக்கள் இதனைக் குற்றாலத்தில் ஆண்டுதோறும் காண்கின்றனர். சாரல் காலத்தில் விடுதி வாடகை ஏறும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைக்கொரு விலை சொல்லும். வாங்குவோன் முணுமுணுப்பான், பேரம் பேசுவான், அடுத்த கடைக்கு நடப்பான். சாரல் ஓய்ந்தால் வாடகை தானே இறங்கும். இதில் அநீதி இல்லை. அருவிக்குப் போகும் பாதைகளையெல்லாம் ஒருவரே வாங்கி வாயிலமைத்தால் அப்போது பேச்சே வேறு.

அந்த வேறு பேச்சையும் முன்னோர் பேசியுள்ளனர். ஹனஃபீ மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’, ஆள்வோர் விலை நிர்ணயிக்கலாகாது என்று முதலில் கூறும். பின்னர், உணவு வணிகர் வரம்பு கடந்து விலையேற்றி, வேறு வழியால் மக்களுரிமையைக் காக்க இயலாதபோது, விவரமறிந்தோரைக் கலந்து நிர்ணயிக்கலாம் என்று விலக்களிக்கும். இப்னு தைமிய்யா தம் ‘அல்ஹிஸ்பா’ நூலில், ஒரு பொருளைக் குறிப்பிட்ட சிலரே விற்கலாம் என்ற கட்டு ஏற்பட்டுவிட்ட இடத்தில் விலை நிர்ணயம் கடமையாகிவிடும் என்கிறார். அவருடைய பிற கருத்துகள் பலவற்றில் நம் பக்கத்து ஆலிம்களுக்கு உடன்பாடில்லை. இந்த வேறுபாட்டை அவர் பிரித்தறிந்த நுட்பத்தை மறுப்பதற்கில்லை. உணவுக்குரிய சட்டத்தைக் கேளிக்கைக்கு ஏற்றலாமா என்று கேட்போர் உண்டு, கேள்வி நியாயமே. பதுக்கலைப் பற்றிப் பேசுகையில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதனை உணவோடு நிறுத்த, அவர்தம் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கோ அதெல்லாம் பதுக்கலே என்றார். கிரிக்கெட் ஆட்டம் கிடைக்காததால் யாரும் பசித்திரார். அந்த அளவுக்கு நானும் போகமாட்டேன். ஆனால் செய்தியும் பள்ளிப் பாடமும் வந்துசேரும் இணையப் பாதையை அபூயூசுஃபின் சொல்லுக்குள் அடக்கத் தடையில்லை.

என் நோக்கில் விலையேற்றத்தினும் பெரிய குறை வேறொன்று. 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் படங்களின் நடுவே விளம்பரம் வந்தது. விளம்பரமின்றிக் காண வேண்டுமாயின் ஆண்டுக்கு 699 ரூபாய், அல்லது மாதத்திற்கு 129 ரூபாய், கூடுதலாகச் செலுத்த வேண்டும். தவணை முடிந்தபின் வாடகையை ஏற்றுவது உரிமையாளரின் உரிமை, அதில் வழக்கில்லை. ஓராண்டுக்கு முன்பணம் பெற்றுக்கொண்டு, நடுவில் பொருளின் இயல்பை மாற்றுவது எவ்வகை? வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டவர், ஆறாம் மாதத்தில் கூடத்தின் நடுவே சந்தை கூட்டினால், குடியிருப்பவனுக்கு ‘கியார்’ என்னும் விலகும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் அளிக்கின்றன. இருந்த காலத்திற்கு மட்டும் வாடகை கொடுத்து அவன் வெளியேறலாம்.

நாட்டுச் சட்டமும் இத்திசையில் சில அடிகள் நடந்துள்ளது. தானே பணம் கழியும் ஏற்பாட்டில் ஒரு நாள் முன்னதாகவே வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடப்பிலுள்ளது. மேலே சொன்ன குறுஞ்செய்தி அதன் பயனே. 2023 நவம்பர் 30இல் நுகர்வோர் பாதுகாப்பு மைய ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், எளிதில் வெளியேற இயலாதவாறு சந்தாவைப் பின்னி வைப்பதை முறையற்ற வணிகத் தந்திரங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளன. ஓடிடியின் விலைக்கு, கேபிள் இணைப்புக் கட்டணத்துக்கு 2024 வரை இருந்தது போன்ற உச்சவரம்பு எதுவும் இல்லை. வெளியேறும் கதவைத் திறந்துவைக்கச் சொல்லும் அந்நெறிமுறைகள், வெளியேறுவோன் முன்பே செலுத்திய எஞ்சிய மாதங்களின் பணத்தைப் பற்றித் தனி விதி எதுவும் வகுக்கவில்லை.