சாவிப் பட்டியல்

1962ஆம் ஆண்டு வசந்த காலம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு துளை அட்டையைத் தயார் செய்தார். ஒரு கணக்கு எண்ணும் ஒரு கோப்பின் பெயரும்தான் அதில் இருந்தன. அச்சடித்துத் தரும்படி அதைக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை, அச்சுத் தாள்கள் வைக்கும் அலமாரியைத் திறந்தார். அந்தக் கணினியைப் பயன்படுத்தும் அத்தனை பேரின் கடவுச்சொற்களும் தாளில் வரிசையாக இருந்தன.

அவருக்குத் தேவைப்பட்டது நேரம். ஒதுக்கப்பட்ட நேரம் ஆய்வுக்குப் போதவில்லை. அடுத்தவர் கணக்கில் நுழைந்து வேலையைத் தொடர்ந்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் இதை ஒப்புக்கொண்டார்.

இதற்குச் சற்று முன்புவரை கணினிக்குப் பூட்டே தேவைப்படவில்லை. ஒருவர் முறை முடிந்தால் தன் அட்டைக் கட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதே எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961இல் உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப் பகிர்வு அமைப்பு அந்த வழக்கத்தை மாற்றியது. ஒரே இயந்திரம், பல முனையங்கள், எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடத்தில். எது யாருடையது என்று பிரிக்கத்தான் கடவுச்சொல் வந்தது. ஆனால் அந்தச் சொற்களின் பட்டியலும் மற்றவற்றைப் போல ஒரு கோப்புதான். உள்ளே இருந்தது வெறும் எழுத்து.

சில ஆண்டுகளில் அந்தப் பட்டியல் தானாகவே வெளியே வந்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 5 மணி. நிர்வாகி ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தி மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறின. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதில் கடவுச்சொற்கள் அச்சாகி வந்தன. எல்லாவற்றையும் மாற்றி முடிக்கப் பல மணி நேரம் பிடித்தது. கணினித் துறையின் டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் கோர்பாட்டோவும் இந்தச் சம்பவத்தைச் சொன்னார்.

பிறகு வந்த பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளம், கோப்புக்குக் கோப்பு அனுமதி வைத்தது: படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா. உரியவருக்கு ஒன்று, அவருடைய குழுவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. இன்றும் அதே முறைதான். கடவுச்சொல் கோப்பையோ அதை உருவாக்கியவர்கள் ஒரு கட்டத்தில் மறைப்பதை விட்டு, யாரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். அதில் இருந்தது கடவுச்சொல் அல்ல. திரும்ப அவிழ்க்க முடியாதபடி உருமாற்றிய எழுத்துக் கோவை. இருவர் ஒரே சொல்லை வைத்தாலும் கோவை வேறாக வரும்படி, ஆளுக்கு ஆள் ஒரு சிறு எண்ணைக் கலந்தார்கள்; அதற்கு உப்பு என்று பெயர். எனக்கு இந்தக் கதையிலேயே மிகத் துணிச்சலான முடிவாகத் தெரிவது இதுதான்.

அதன் பிறகு பிழை மனிதர்கள் பக்கம் இருந்தது. பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரைக்காக 3,289 கடவுச்சொற்கள் திரட்டப்பட்டன. அவற்றில் 2,831 எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. 15 பேர் ஒரே ஓர் எழுத்தை வைத்திருந்தார்கள்.

தாம்சனின் சொந்தக் கோவை ஒரு பழைய யூனிக்ஸ் கோப்பில் கிடந்தது. பல பேர் முயன்றும் அவிழாமல், 2019இல்தான் ஒருவர் வரைகலை அட்டையை நான்கு நாட்களுக்கு மேல் ஓடவிட்டுக் கண்டுபிடித்தார். எட்டே குறிகள்: ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் சதுரங்கத் தொடக்கம். பெல் (Belle) என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கியவர்களில் தாம்சனும் ஒருவர்.