ஊர்வாயில் தப்பிய போர்கள்

ஊரார் பேச்சுக்குச் சங்கப் புலவர்கள் இரண்டு படிகள் வைத்திருந்தார்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். தெருவெல்லாம் தெரியப் பேசினால் அலர். களவுக் காதலர் இதற்கு அஞ்சினார்கள். ஆனாலும் வள்ளுவர், புறங்கூறுவதைக் கண்டிக்க ஓர் அதிகாரம் எழுதியவர்தான், காமத்துப்பாலில் அதே ஊர்ப்பேச்சைக் காதலுக்கு உரமாக்கி 'அலரறிவுறுத்தல்' பாடினார்.

இந்த அலர் எவ்வளவு உரக்க எழுந்தது என்று சொல்லப் புலவர்கள் போர்க்களத்துக்கே போய்விட்டார்கள்.

அகநானூற்றின் 36ஆம் பாட்டில் தலைவன் மருதமரச் சோலையில் வேறொருத்தியோடு கூடியதாக அலர். அது தலையாலங்கானப் போரில் வென்ற வீரர்களின் ஆரவாரத்தைவிடப் பெரிது என்கிறார் நக்கீரர். அந்த ஒப்பீட்டுக்காகவே அப்போரில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்றவர்களை வரிசையாகச் சொல்கிறார்: சேரன், சோழன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன். கோபத்தில் இதைச் சொல்லும் தலைவிக்கு இத்தனை பெயர் எதற்கு என்று தெரியவில்லை. வரலாற்றாசிரியர்களுக்கு அது புதையல்.

பரணர் 246ஆம் பாட்டில் இதையே செய்கிறார். முந்தைய நாள் புனலாட்டம் பற்றிய அலர், வெண்ணிவாயிலில் கரிகாலன் வேந்தரையும் 11 வேளிரையும் வீழ்த்தியபோது அழுந்தூரில் எழுந்த ஆரவாரத்தை மிஞ்சியதாம். வெண்ணிப் போரைப் புறநானூறும் பேசுகிறது. ஆனால் அழுந்தூர்க் கொண்டாட்டத்தை நமக்குச் சொல்வது பரத்தையோடு நீராடியவனைப் பற்றிய இந்த வம்புதான்.